தீ அபாய மணியும் நமது பொறுப்பும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் கட்டடங்கள் முன்போல் இல்லை. ஓட்டுக் கூரையும் ஒற்றைப் பூட்டும் கொண்ட சிறு கிடங்கில் தொடங்கிய பல சங்கங்கள், இன்று மாடிக் கட்டடம், விற்பனை நிலையம், நூல் கிடங்கு, சாயச்சாலை, விளைபொருள் கிடங்கு என்று விரிந்து நிற்கின்றன. இக்கட்டடங்கள் பலவற்றில் தீ அபாய மணியும் பொருத்தப்பட்டிருக்கிறது. சில இடங்களில் உரிமம் பெறுவதற்காகப் பொருத்தினார்கள்; சில இடங்களில் புதுக் கட்டடத்துடன் சேர்ந்தே வந்தது. எப்படி வந்ததாயினும், பொருத்தியவுடன் கடமை முடிந்தது என்ற எண்ணம் நிர்வாகக் குழுக்களிடையே பரவலாக இருக்கிறது. இந்த எண்ணம் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பது நமது கருத்து.

அபாய மணியை வாங்கிய சங்கம் பாதுகாப்பை வாங்கிவிடவில்லை. அந்த மணி ஒலிக்கும் என்ற உறுதியும், ஒலித்தால் அதனை நம்பி எழுந்து வெளியேறும் பழக்கமும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு உண்டாகிறது. இவ்விரண்டையும் ஆண்டு முழுவதும் காத்து வருவதற்கே பராமரிப்பு என்று பெயர். இது மின்சாரப் பணியாளர் ஒருவரின் வேலை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. நிர்வாகக் குழுவின் கடமை. இறுதியில் மகாசபையில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரின் கடமை.

இந்த அமைப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். கூரையின் அடியில் புகையை உணரும் கருவிகளோ, வெப்பத்தை உணரும் கருவிகளோ இருக்கின்றன. வாயில்களின் அருகே, தீயைக் கண்டவர் கையால் அழுத்துவதற்கான சிவப்புப் பெட்டிகள் இருக்கின்றன. இவை யாவும் கம்பிகளின் வழியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டி செய்தியைப் பெற்று, மணியையோ ஊதியையோ ஒலிக்கச் செய்கிறது. மின்சாரம் நின்றபோதும் இயங்குவதற்காக உள்ளே பாட்டரிகள் உண்டு. இவற்றுள் எந்த ஒன்று கெட்டாலும் மற்றவை இருந்தும் பயனில்லாமல் போகக்கூடும். கூரையைப் பார்த்தால் வட்டமான வெண்ணிறக் கருவி தெரிகிறது. சுவரைப் பார்த்தால் சிவப்புப் பெட்டி தெரிகிறது. ஆனால் அவை உயிரோடிருக்கின்றனவா என்பது பார்வைக்குத் தெரிவதில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் கண்ணுக்கு உடனே புலப்படும். அபாய மணியில் இழை அறுந்தால், சோதித்தால் ஒழிய, தீப்பிடிக்கும் நாள் வரையில் எவருக்கும் தெரியாது.

நமது சரக்குகளின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சும் நூலும் சணல் சாக்கும் எப்பொழுதும் உடனே கொழுந்துவிட்டு எரிவதில்லை; சிப்பத்தின் உள்ளே கனல் புகுந்து, மணிக்கணக்கில் புகைந்து, பின்னர் ஒரேயடியாய்ப் பற்றிக்கொள்வதும் உண்டு. சாயச்சாலையில் நாம் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு, சிறிது ஈரம் பட்டாலே தானாகச் சூடேறித் தீப்பற்றவல்லது. சரியாகக் காயாத கொப்பரை அட்டியிலும் உள்வெப்பம் ஏறும். இத்தகைய தீக்கள் பிறக்கும் முதல் சில நிமிடங்களில் ஒரு மணல் வாளியோ ஓர் அணைப்பானோ போதுமானதாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கழிந்தால் ஊர் முழுதும் திரண்டாலும் போதாது. அந்த முதல் நிமிடங்களை நமக்கு ஈட்டித் தருவதே அபாய மணியின் பணி.

அதிலும் பல தீவிபத்துக்கள் கடை அடைத்த பிறகே நிகழ்கின்றன. சென்னைத் தியாகராய நகரில் 2017 மே 31 அன்று அதிகாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அடித்தளத்தில் பற்றிய தீ, ஒரு நாளுக்கு மேலாக எரிந்து, அந்த ஏழு மாடிக் கட்டடத்தையே இடித்து அகற்ற வேண்டிய நிலையை உண்டாக்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு, கடைகளில் பற்றிய தீ வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. அதே மதுரையில் 2020 நவம்பர் 14, தீபாவளியன்று, ஒரு ஜவுளிக்கடையில் எரிந்த தீயை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து உயிர் நீத்தனர். இவ்விபத்துக்களின் காரணங்களை ஆராய்வது நமது நோக்கமன்று. இரவில் வளர்ந்துவிட்ட தீ எத்தகையது, அதற்கு விலை கொடுப்பவர் யாவர் என்பதை நினைவூட்டவே இவற்றைக் குறிப்பிடுகிறோம். நமது கிடங்கில் பற்றும் தீயை அணைக்க வருபவரும் ஒரு குடும்பத்தின் தலைவரே.

அபாய மணிக்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று, ஒலிக்க வேண்டிய வேளையில் ஒலியாமை. மற்றொன்று, ஒலிக்க வேண்டாத வேளையில் ஒலித்தல். முதலாவதை எல்லோரும் அறிவர். இரண்டாவதே முதலாவதற்குத் தாய் என்பதைச் சிலரே அறிவர்.

முதல் நோயின் காரணங்கள் மிகவும் சாதாரணமானவை. பாட்டரிகள் சில ஆண்டுகளில் வலுவிழக்கின்றன. மின்சாரம் இருக்கும் வரையில் அக்குறை வெளித்தெரிவதில்லை. வெள்ளையடிக்கும்போது, சுண்ணாம்பு படாமலிருக்கக் கருவிகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடுகிறார்கள். வேலை முடிந்தபின் உறையை எடுக்க மறந்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு முன் சரக்கு மிகுந்தபோது சிப்பங்களைக் கூரை வரையில் அடுக்கிவிடுகிறார்கள். கருவிக்குக் கீழே ஏறக்குறைய இரண்டடி இடமேனும் வெறுமையாக இல்லாவிடில் புகை அதனை எளிதில் அடையாது. தானியக் கிடங்குகளில் எலிகள் கம்பியைக் கடிக்கின்றன. விவசாய அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூச்சிகளை ஒழிக்க நாம் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு, செம்பை அரிக்கும் தன்மையுடையது. மின்கருவிகளின் இணைப்புகளை அது நாளடைவில் கெடுத்துவிடும். ஆகவே, புகைமூட்டம் செய்வதற்கு முன்பு கருவிகளைக் காப்பதற்கான வழியைப் பராமரிப்பவரிடம் கேட்டறிவதும், செய்து முடித்துக் காற்றோட்டம் விட்டபின் அமைப்பு முழுவதையும் சோதிப்பதும் இன்றியமையாதவை.

இரண்டாவது நோயைப் பார்ப்போம். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி புகையுணரும் கருவிக்குள் படிகிறது, மணி அடிக்கிறது. சாயச்சாலையின் நீராவி எழுகிறது, மணி அடிக்கிறது. ஆயுத பூஜையன்று சாம்பிராணி போடுகிறோம், மணி அடிக்கிறது. முதல் முறை எல்லோரும் ஓடுகிறார்கள். இரண்டாம் முறை நடக்கிறார்கள். மூன்றாம் முறை எவரும் தலை நிமிர்வதில்லை. நான்காம் முறை, தொல்லை தாளாமல், பொறுப்பிலிருப்பவர் பொத்தானை அழுத்தி அமைப்பையே நிறுத்திவிடுகிறார். ‘நாளை சரி செய்துகொள்ளலாம்’ என்று நிறுத்திய மணி மாதக்கணக்கில் உறங்கும். புலி வருகிறது என்று பொய் சொன்ன சிறுவன் கதையில் சிறுவனைக் குறை கூறலாம். இங்கே குறை கருவியினுடையதன்று. நீராவி எழும் இடத்தில் புகையுணரும் கருவியை வைத்தவர்களும், படிந்த தூசியைத் துடையாதவர்களுமே பொறுப்பாளிகள்.

இதற்குப் பரிகாரம் மணியை நிறுத்துவதன்று, காரணத்தை நீக்குவதே. பஞ்சுத்தூசியும் நீராவியும் மிகுந்த இடங்களில், வெப்பத்தை உணரும் கருவியே பொருத்தமானது. சாதாரண வகையைச் சேர்ந்தவை ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இயங்குவன. தகரக் கூரையின் அடியில் நமது கோடைக்காலத்து வெப்பம் அந்த அளவை நெருங்கக்கூடுமாதலால், அத்தகைய இடங்களுக்கு உயர்ந்த அளவுடையதைக் கேட்டுப் பெற வேண்டும். நூலும் பஞ்சும் அடுக்கிய கிடங்கிலோ, கனன்று புகையும் தீயைச் சீக்கிரம் காட்டவல்ல, ஒளியைக் கொண்டு புகையை அறியும் வகை தக்கது. எந்த இடத்திற்கு எது என்பதை ஆராய்ந்து அமைத்தால், பொய்யொலி பெரிதும் குறையும். பொய்யொலி குறைந்தால் நம்பிக்கை வளரும்.

நம்பிக்கை குன்றிய இடத்தில் என்ன நேரும் என்பதை, நம்மைப் போன்றே நூலும் துணியும் கையாண்டவர்களின் வரலாறு காட்டுகிறது. வங்காளதேசத்தில் டாக்கா நகரை அடுத்த ஆஷுலியாவில், 2012 நவம்பர் 24 அன்று மாலை, தாஸ்ரீன் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. தரைத்தளத்தில் நூலும் துணியும் குவித்து வைக்கப்பட்டிருந்தன. அங்கே அபாய மணி ஒலிக்கவே செய்தது. ஆயினும், ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் தொழிலாளரைத் தடுத்துவிட்டனர் என்று உயிர் பிழைத்தவர்கள் கூறினர். அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவும் அவ்வாறே கண்டது. 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மணி இருந்தது, ஒலித்தது, அதற்குக் கீழ்ப்படியும் பழக்கம் மட்டும் இருக்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நியூயார்க் நகரில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்னும் சட்டைத் தொழிற்சாலையில் எட்டாம் மாடியில் தீப்பற்றியபோது, பத்தாம் மாடியிலிருந்த அலுவலகத்திற்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. இடையிலிருந்த ஒன்பதாம் மாடிக்கு எச்சரிக்கை ஏதும் போகவில்லை. அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்தவர்களுக்குத் தீயே செய்தி சொல்லிற்று. பூட்டிய கதவும் சேர்ந்துகொண்டது. இறந்தவர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள். எல்லா மாடிக்கும் ஒரே வேளையில் கேட்கும் மணி ஒன்று எத்தகைய செல்வம் என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க இயலாது.

நமது நாட்டில் விதிகளுக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைப் பற்றியதே. தானியங்கித் தீயறிவிப்பு அமைப்புக்களைத் தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், பராமரித்தல் ஆகியவற்றுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் 2189 எண்ணுள்ள நெறிமுறை இருக்கிறது. ஆயினும், விதி என்பது கட்டடம் கட்டும் நாளில் ஒருமுறை பார்க்கப்படும். அதன் பின்னர் வரும் நாட்களைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஆய்வின்போது நாம் காணும் காட்சிகள் வருத்தம் தருகின்றன. ஒரு சங்கத்தில் இருப்புப் பதிவேடு சிட்டம் பிசகாமல் இருந்தது. ரொக்கம் பைசா பிசகாமல் இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டோம். அங்கிருந்த ஒருவராலும் சொல்ல இயலவில்லை. பழுதை அறிவிக்கும் சிறு ஒலி தொல்லையாக இருந்தமையால், அதன் கம்பியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் கையொப்பமோ பதிவேட்டில் தவறாமல் இருந்தது. கணக்கில் இத்துணை நேர்மையுள்ள மனிதர்கள் இதில் மட்டும் ஏன் அசட்டையாயினர்? காரணம் எளிது. ரொக்கத்தைப் பற்றித் தணிக்கையாளர் கேட்கிறார், மகாசபை கேட்கிறது. மணியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கேளாத பொருள் கெட்டுப்போவது இயற்கையே.

‘எங்கள் சங்கம் சிறியது, இரவுக் காவலர் இருக்கிறார், ஐம்பது ஆண்டுகளில் ஒரு தீயும் நேர்ந்ததில்லை’ என்று சிலர் கூறுவர். காவலர் ஒருவரே, கிடங்குகள் பல. அவர் முன்வாயிலில் இருக்கும்போது பின்சுவர் ஓரத்தில் புகை எழலாம். ஐம்பது ஆண்டுகள் நேராதது இனியும் நேராது என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அந்த ஐம்பது ஆண்டுகளில் மின்விசிறியும் குளிர்சாதனமும் கணினியும் வந்து, பழைய கம்பிகளின் மேல் சுமை ஏறியிருப்பதையும் எண்ண வேண்டும். ‘காப்பீடு செய்திருக்கிறோம்’ என்று வேறு சிலர் கூறுவர். காப்பீடு அவசியமே. ஆனால், எரிந்துபோன பாவுக்கும் நூலுக்கும் பணம் வந்து சேரும் வரையில் தறிகள் நிற்குமே, அந்நாட்களின் கூலியை எவர் தருவார்? பண்டிகைக்கென்று ஒப்புக்கொண்ட சரக்கை எவர் நெய்து கொடுப்பார்? உயிர் போனால் எந்தக் காப்பீடு மீட்டுத் தரும்? செலவைப் பற்றிய தயக்கமும் உண்டு. மிகச் சிறிய சங்கங்கள் பெரிய அமைப்பை வாங்க வேண்டுவதில்லை. பாட்டரியில் தனித்து இயங்கும் புகையறிவிப்பான்களும், கையால் அடிக்கும் ஒரு வெண்கல மணியும் அவர்களுக்குப் பெருந்துணையாகும். எதுவாயினும் அதனை ஒழுங்காகச் சோதித்து வருவதே முக்கியம்.

ஆகவே, நமது சங்கங்கள் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ள வேண்டுமென்று வலியுறுத்துகிறோம்.

முதலாவதாக, அபாய மணிக்கென்று ஊழியர் ஒருவரையும், அவர் விடுப்பிலிருக்கும்போது பார்க்க மற்றொருவரையும் நிர்வாகக் குழு தீர்மானத்தின் மூலம் நியமிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை ஒருவராலும் செய்யப்படுவதில்லை. தினந்தோறும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து, விளக்குகளின் நிலையைப் பதிவேட்டில் எழுதுவது அவர் கடமை. அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவதாக, வாரம் ஒருமுறை குறித்த நாளில், குறித்த நேரத்தில் மணியை ஒலிக்கச் செய்ய வேண்டும். நெசவாளர்கள் துணியை ஒப்படைத்துக் கூலி பெறும் நாளையே தேர்ந்தெடுத்தால் அங்கத்தினர் பலரும் அதன் ஒலியை அறிந்துகொள்வர். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு சிவப்புப் பெட்டியைச் சோதித்து வந்தால், காலப்போக்கில் எல்லாப் பெட்டிகளும் சோதனைக்கு உள்ளாகும். சோதனைச் சாவி கொண்டு செய்வதால் கண்ணாடி உடைய வேண்டுவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டரியைக் கொண்டே மணி ஒலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும், முன்கூட்டி அறிவித்து, எல்லோரும் வெளியேறிப் பழக வேண்டும்.

மூன்றாவதாக, பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் வரும்போது காரியதரிசியோ டைரக்டர் ஒருவரோ உடனிருக்க வேண்டும். கருவியின் அருகே சோதனைப் புகையைக் காட்டி மணி ஒலிப்பதைக் கேட்ட பிறகே கையொப்பம் பெற வேண்டும். எந்த எண்ணுள்ள கருவி எந்நாளில் சோதிக்கப்பட்டது என்று எழுதினால், ஆண்டுக்குள் ஒன்றும் விடுபடாது.

நான்காவதாக, வெள்ளையடித்தல், புகைமூட்டம், பூஜை முதலிய காரணங்களுக்காக அமைப்பை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தியவர் பெயரும், நேரமும், மீண்டும் இயக்கிய நேரமும் பதிவாக வேண்டும். நிறுத்தியிருக்கும் நேரத்தில் அவ்விடத்தில் ஓர் ஆள் காவலிருக்க வேண்டும். மீண்டும் இயக்காமல் எவரும் வீடு செல்லலாகாது.

ஐந்தாவதாக, ஐயத்தின்பேரில் மணியை அழுத்தியவர் எவராயினும், அது பொய்யாய் முடிந்தாலும், அவரைக் கடிந்துகொள்ளலாகாது. அவர் கூலித் தொழிலாளியாயினும் காவலராயினும் சரியே. ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை தயங்குவார். அந்தத் தயக்கத்திற்குள் கிடங்கு போய்விடும். மணி ஒலித்தவுடன் வெளியேறுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 101 அல்லது 112 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்கும் பொறுப்பும் முன்னதாகவே ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, பராமரிப்புச் செலவு வரவு-செலவுத் திட்டத்தில் தனி இனமாக இடம்பெற வேண்டும்; ‘இதர செலவுகள்’ என்பதற்குள் மறைந்தால் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது அதுவே. ஆண்டறிக்கையிலும் இரண்டு வரிகள் சேரட்டும்: மணி எத்தனை முறை சோதிக்கப்பட்டது, எத்தனை நாள் நிறுத்தப்பட்டிருந்தது. மகாசபையில் அங்கத்தினர் எழுந்து அவ்விரண்டு வரிகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் காலம் வந்தால், மஞ்சள் விளக்கு ஒருநாளும் கேட்பாரற்று எரியாது. ஆய்வாளர்களாகிய நாமும் இருப்பைச் சரிபார்க்கும் அன்றே மணியையும் ஒலிக்கச் செய்து கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நமது படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டுவதில்லை.

கிடங்கில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு சேலையும் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. ஒவ்வொரு மூட்டையும் ஒரு பருவத்தின் பலன். தமது வீட்டில் வைத்திருந்தால் விழித்திருந்து காத்திருப்பார்கள். சங்கம் காக்கும் என்று நம்பி ஒப்படைத்துவிட்டு இரவில் நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்குரியவர்களாக நாம் நடந்துகொள்ள வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மற்றப் பொருள்களை எடுத்துக்கொள்வதற்கு முன்பாக, எல்லோரும் எழுந்து சென்று ஒருமுறை மணியை ஒலிக்கச் செய்து பார்ப்பார்களாக. அது ஒலித்தால் மகிழ்ச்சி. ஒலிக்கவில்லையானால், அன்றே அறிந்துகொண்டது அதனினும் பெரிய நன்மை.